கதையின் அச்சும் அடிமையின் வாழ்வும்

தளவானூர்க் குன்றிலே, பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. சத்துருமல்லேசுவராலயம் என்பது அதன் பெயர். சத்துருமல்லன் என்னும் தன் விருதுப்பெயரையே அம்மன்னன் இறைவன் திருக்கோயிலுக்குச் சூட்டினான். 1,300 ஆண்டுகள் கடந்தும் அப்பெயர் அழியவில்லை. ஆயினும் நான் சிறுவனாக இருந்தபோது அவ்வூர்த் திண்ணையில் கேட்ட பெயர் மகேந்திரனுடையது அன்று; செஞ்சித் தேசிங்குராசனுடையது. பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்தை மடியில் விரித்து முதியவர் ஒருவர் இராகம் போட்டுப் படிப்பார். தேசிங்கு களத்தில் விழும் இடம் வந்ததும் அவர் குரல் தழுதழுக்கும். அடுத்த நாளும் அதே இடத்தில் தழுதழுக்கும்!

எல்லா நாட்டு வீரர் கதைகளும் ஏறக்குறைய ஓர் அச்சிலேயே வார்க்கப்பட்டவை என்று சோசப் காம்பெல் என்னும் அமெரிக்க அறிஞர் 1949இல் ஒரு நூல் எழுதினார். வீரனுக்கு ஓர் அழைப்பு வருகிறது. பழகிய உலகை விட்டு அவன் புறப்படுகிறான். துணையும் தெய்வக் குறியும் வாய்க்கின்றன. கொடிய சோதனைகளைக் கடக்கிறான். பெற்ற பேற்றுடன் ஊர் திரும்பித் தன் மக்களுக்கு அதை வழங்குகிறான். புறப்பாடு, சோதனை, மீட்சி என்னும் இம்மூன்றுமே அந்த அச்சு.

நம் தேசிங்கு கதையில் இவற்றுள் முன்னிரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. எவராலும் அடக்க இயலாத பாராசாரிக் குதிரையை, டில்லியிலே இளைஞன் தேசிங்கு அடக்கிச் சிறைப்பட்ட தந்தையை மீட்கிறான். போர் மூண்டதும் தோழன் மகமத்கான் தன் திருமணக் கோலத்தையும் பாராது நீலவேணிக் குதிரைமேல் ஓடி வருகிறான். இவை கதைப்பாடல் சொல்பவை. வரலாறு சொல்வது வேறு. தந்தை சொரூப்சிங் செஞ்சிக் கோட்டைத் தலைவராக இருந்து மறைந்தபின், நிலுவைக் கப்பம் பற்றி ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்கும் மகன் தேசசிங்குக்கும் பிணக்கு எழுந்தது. 1714இல் சிறுபடையோடு பெரும்படையை எதிர்த்து அவ்விளைஞன் மாண்டான். கப்பக் கணக்கு வழக்கு, மானத்தின் கதையாகிவிட்டது. பாடிய புலவனை நான் குறை கூறவில்லை. வரிப் பாக்கியைக் கேட்டு யார் கண்ணீர் விடுவார்?

தேசிங்கு கோட்டையுடையவன். கோட்டையும் இல்லாமல், தன் உடலும் தனக்குச் சொந்தமில்லாமல் எழுந்த ஒருவனுக்கு இந்த அச்சு பொருந்துமா? உரோமாபுரியை நடுங்கவைத்த ஸ்பார்ட்டகஸின் வாழ்வை எடுத்துக்கொள்வோம்.

அவன் திரேசிய நாட்டான். உரோமப் படையில் ஒருகாலத்தில் பணியாற்றியவன். பின்னர் அடிமையாகி, கேப்புவா நகரில் வாட்போர்ப் பள்ளி ஒன்றுக்கு விற்கப்பட்டவன். மக்கள் கண்டு களிக்க ஒருவரையொருவர் வெட்டிச் சாகப் பழகுவதே அங்குக் கல்வி. அவன் உறங்குகையில் முகத்தின்மேல் பாம்பு சுருண்டு கிடந்ததாகவும், அச்சந்தரும் பேராற்றலுக்கு அது குறி என்று குறிசொல்லும் அவன் மனைவி உரைத்ததாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். காம்பெல் கூறும் தெய்வக் குறி இதோ! கி.மு. 73இல் 70க்கும் மேற்பட்டோர் மடைப்பள்ளிக் கத்திகளையும் இறைச்சிக் கம்பிகளையும் பற்றிக்கொண்டு தப்பினர். வெசூவியசு மலையுச்சியில் உரோமர் அவர்களை முற்றுகையிட்டபோது, காட்டுத் திராட்சைக் கொடிகளைப் பின்னி ஏணியாக்கி, செங்குத்தான பக்கத்தில் இறங்கி, பகைவரைப் பின்புறமாகத் தாக்கி வென்றனர். கொள்ளைப் பொருளைச் சமமாகப் பங்கிட்டதாக அப்பியன் என்னும் வரலாற்றாசிரியர் கூறுகிறார். பல்லாயிரம் அடிமைகள் வந்து சேர்ந்தனர்.

இதுவரை அச்சு பிசகவில்லை. ஆல்ப்சு மலையை நோக்கி வடக்கே சென்றபோதுதான் பிசகுகிறது. அம்மலையைக் கடந்தால் அவரவர் தாயகம். வழியை மறித்த படையையும் வென்றாயிற்று. ஆயினும் படை மீண்டும் தெற்கே திரும்பியது. வெற்றிச் செருக்குற்ற வீரர்கள் தலைவன் சொல்லைக் கேளாமையே காரணம் என்பது புளூட்டார்க் தரும் விளக்கம். சிசிலித் தீவுக்குக் கடக்கலாம் என்றால் கடற்கொள்ளைக்காரர் கைவிட்டனர். கி.மு. 71இல் கிராசசின் படையோடு இறுதிப் போர். போர் தொடங்குமுன் ஸ்பார்ட்டகஸ் தன் குதிரையைக் கொன்றான். வென்றால் குதிரைகள் பல கிடைக்கும். தோற்றால் ஒன்றும் வேண்டா என்பது அவன் எண்ணம். குதிரையை அடக்கித் தொடங்கும் நம் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, குதிரையைக் கொன்று முடியும் இவ்வரலாறு நெஞ்சை உலுக்குகிறது. அவன் உடல் கிடைக்கவில்லை. பிடிபட்ட 6,000 பேரைக் கேப்புவாவிலிருந்து உரோமாபுரிவரை அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தனர்.

இங்கே மீட்சி எங்கே? பேற்றைக் கொண்டுவர ஒருவரும் மிஞ்சவில்லை. இன்னொன்றையும் மாணவ நண்பர்கள் கருத வேண்டும். பாம்பு, கொடியேணி, குதிரை ஆகிய அனைத்தையும் நமக்குச் சொன்னவர்கள் ஆண்டோர் பக்கத்து எழுத்தாளர்களே. அடிமைகள் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. அந்த அச்சு ஒரு தலைவனை மட்டுமே தேடுவது. ஸ்பார்ட்டகசை அது பிடித்துக்கொள்கிறது. சாலையோரத்து 6,000 பேரை நழுவவிடுகிறது.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டும் அன்று. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், சோழமண்டலக் கரைத் துறைகளில் டச்சுக்காரர் நம்மவரை விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்நாட்டு நீதிமன்றங்கள் அடிமையுரிமையை ஏற்றே வந்தன. அம்மக்களிடையே அழைப்புக் கேட்டவர், மறுத்து நின்றவர், இரவோடு இரவாக ஓடியவர் இல்லாமலா இருந்திருப்பர்? தளவானூர்த் திண்ணையில் எத்தனையோ இரவுகள் கதை கேட்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவர் பெயரையேனும் அந்த முதியவர் படித்ததில்லை; அவர் மடியிலிருந்த புத்தகத்தில் அது இல்லை.