முட்டையை விட்டுவிட்டு உப்பைப் பாருங்கள்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்ட்ரால் கூடியிருந்தால், மும்பையின் திலக் நகர், செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் முதலில் நிற்பது முட்டை. அடுத்தது நெய். ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில்தான் இருக்கும். ராத்திரிச் சோற்றின் அளவும் குறையாது. சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் இறங்கும்போது வாங்கும் வடாபாவ், பர்சானைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பத்தியம் இருந்தும் அடுத்த சீட்டில் எண்கள் அசையாமல் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மும்பை மாநகராட்சி உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி 2021இல் எடுத்த கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 34 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. மூன்று பேரில் ஒருவர். பி.பி. வலிக்காது, காய்ச்சலும் வராது. அதனால் அளந்து பார்க்காதவரை அந்த ஒருவருக்குத் தன் நிலை தெரியாது.

உப்பு வரும் வழிகள்

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசிய அளவில் நடந்த ஆய்வின்படி நாம் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராம். உப்பிலுள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்ச் சுவர்மீது அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் மிகுதியான சோடியத்தை வெளியே தள்ள நாள் முழுக்கப் பாடுபடுகிறது.

நம் சாப்பாட்டில் உப்பு ஒரே இடத்தில் இல்லை. சாம்பாரில் கொஞ்சம், ரசத்தில் கொஞ்சம், பொரியலில் கொஞ்சம், மோரிலும் ஒரு சிட்டிகை. ஒவ்வொன்றும் அளவாகத்தான் தெரியும். அதற்கு மேல் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. அப்பளத்தில் உப்போடு சோடாவும் சேர்வதால் சோடியம் இரண்டு வழியில் வருகிறது. வெளியே பாவ், சேவ், சிவ்டா. இனிப்பில்லாத ரொட்டிதானே என்று நினைக்கும் பாவிலும் உப்பு உண்டு. இந்துப்புக்கு மாறிவிட்டோம், கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதில் பி.பி.க்கு எந்தச் சலுகையும் இல்லை.

ஒரே நாளில் உப்பை வெட்டினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். முதல் வாரம் மோரிலும் சாதத்திலும் போடும் உப்பை நிறுத்துங்கள். பிறகு குழம்பில் கால் பங்கு குறையுங்கள். எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி சுவையைத் தாங்கிக்கொள்ளும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், பழைய அளவே கரிக்கத் தொடங்கும்.

காயும் பழமும் செய்யும் வேலை

உப்பைக் குறைப்பதோடு நின்றுவிடக் கூடாது. 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் ஆய்வில் 459 பேர் பங்கேற்றார்கள். உப்பின் அளவை மாற்றவில்லை, எடையைக் குறைக்கவுமில்லை. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றைக் கூட்டி, கெட்டிக் கொழுப்பை (சாச்சுரேட்டட் ஃபேட்) குறைத்தார்கள். ஏற்கெனவே பி.பி. இருந்தவர்களுக்கு, வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களைவிட மேல் அளவு சராசரியாக 11 புள்ளி இறங்கியது. மாற்றம் இரண்டு வாரங்களுக்குள்ளேயே தெரிந்தது. காய்கனிகளில் உள்ள பொட்டாசியம், சோடியத்தை வெளியேற்ற உதவுவது இதற்கு ஒரு காரணம். நமக்கு இது கீரை, வாழைத்தண்டு, முருங்கை, பூசணி, வாழைப்பழம், மோர். மார்க்கெட்டில் விலை குறைவாக இருக்கும் காயே போதும், இறக்குமதிப் பழம் தேவையில்லை.

ரயில்வே ஊழியர்கள் காட்டிய புதிர்

மும்பைத் தமிழர்களில் பலருடைய குடும்பத்தில் ஒரு ரயில்வேக்காரர் இருந்திருப்பார். அவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்கோத்ரா, நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டு 1967இல் வெளியிட்டார். தெற்கத்தியரிடம் மாரடைப்பு மரணம் வடக்கத்தியரைவிட ஏழு மடங்கு. ஆனால் நெய், பால் என்று கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்கள் வடக்கத்தியர்!

இதை வைத்து நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொள்ளலாம் என்று வாதாடுவது தவறு. பதிவுகளை ஒப்பிடும் ஆய்வால் காரணத்தை நிரூபிக்க முடியாது. கெட்டிக் கொழுப்பு மிகுந்தால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் என்பது பின்னால் பல சோதனைகளில் உறுதியானது. என்றாலும் கொழுப்பை மட்டும் குற்றவாளியாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மல்கோத்ராவின் ஆய்வில் இருக்கிறது. தட்டு நிறையச் சோறு, அதோடு உருளைக்கிழங்கு, சர்க்கரை போட்ட டீ என்று மாவுச்சத்து குவிந்தால், கல்லீரல் மிச்சத்தை டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். இறங்குகிறது. இந்தியர்களின் ரத்தத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் கோளாறு இந்தக் குறைந்த எச்.டி.எல்.தான்.

சோற்றை விடச் சொல்லவில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டு, சுண்டல், பயறு வையுங்கள். கொள்ளு, பாசிப்பயறு, கத்தரி, வெண்டை, வெந்தயம் ஆகியவற்றின் கரையும் நார், குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. புதுப் பித்தநீர் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். இறங்குவது இப்படித்தான்.

எண்ணெய்

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதில் விசேஷம் எதுவுமில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருக்காது. பார்க்க வேண்டியது கெட்டிக் கொழுப்பின் அளவு. தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் அது அதிகம். கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் குறைவு. 2022 முதல் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆனால் கடை வாணலியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயைப் பார்த்த பிறகு, அதில் பொரித்த வடையைத் தவிர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மாத்திரை விஷயம்

சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் உணவால் மட்டும் இறங்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பி.பி. மாத்திரைகள் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல், பொட்டாசியம் சேர்த்த 'சோடியம் குறைந்த உப்பை' வாங்கக் கூடாது. அவர்களுக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். மாற்றம் தொடங்கிய இரண்டு, மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பி.பி.யை அதற்கு முன்பே, மாநகராட்சியின் ஆப்லா தவாகானா கிளினிக்கில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள்.