தாரில் சுற்றிய நூலும் உட்கருவில் மடிந்த இழையும்

வானம் பார்த்த கரிசற் பூமியாகிய திருச்சுழிப் பக்கத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குள் நுழைந்து, நெசவாளர் தெரு ஒன்றின் திண்ணையில் ராட்டைக்கு முன் அமர்ந்து சிட்டத்து நூலைத் தாரில் சுற்றும் மூதாட்டியின் விரல்களைச் சிறிது நேரம் உற்று நோக்கினால், நூல் எவ்வளவு நல்லதாயினும் சுற்று பிசகிய தாரிலிருந்து ஊடை ஒழுங்காக வாராது என்பது விளங்கும்.

நம் உடலின் உயிரணுக்களிலும் சுற்றும் மடிப்புமே பெரிய காரியங்களைத் தீர்மானிக்கின்றன. ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கே அகலமுள்ள உட்கருவுக்குள், எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் திரண்ட உருண்டைகளின்மேல், உருண்டைக்கு 147 ரசாயன எழுத்துகள் வீதம், இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொண்டு, மேலும் பலவாறு வளைந்து கிடக்கிறது. இறுகிய பிரதேசத்து ஜீன்கள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. தளர்ந்த இடத்திலுள்ளவற்றுக்கே பேச வாய்ப்புண்டு. ஒரே ஏட்டை வைத்திருக்கும் கண்ணின் அணுவும் ஈரலின் அணுவும் வெவ்வேறு தொழில் புரிவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது வளைவின் சூட்சுமமே. ரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினின் பீட்டா ஜீன் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதை முடுக்கும் விசையோ சுமார் 50,000 எழுத்துகளுக்கு அப்பால் இருக்கிறது. இடையிலுள்ள இழை வளைந்து கொடுக்க, விசை ஜீனை வந்து அணையும்போதுதான் அந்த ஜீன் முழு வேகத்தில் இயங்குகிறது. எலியின் ரத்த அணுக்களில் இந்த நெருக்கத்தை 2002-இல் விஞ்ஞானிகள் நிரூபித்தனர். கருவிலிருக்கும் சிசுவில் அதே விசை ஹீமோகுளோபினின் காமா ஜீன்களை வந்து அணைகிறது. பிறந்த சில மாதங்களுக்குள் பீட்டாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பீட்டாவில் ஓர் எழுத்துப் பிழையால் உண்டாகும் அரிவாளணுக் குறைபாடு தென்னிந்தியாவில் இருப்பதை, நீலகிரி மலைக்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். இந்நோயுற்ற குழந்தை முதல் மாதங்களில் நலமாயிருப்பதற்குப் பிழையற்ற காமாவே காரணம். அப்படியாயின் விசையை மீண்டும் காமாவிடம் திருப்ப முடியாதா? 2014-இல் பரிசோதனைச் சாலையில், வயது வந்த மனிதரின் ரத்த அணுக்களில் வலிந்து ஒரு வளைவை உண்டாக்கி, உறங்கிக் கிடந்த காமாவை எழுப்பியே காட்டினார்கள். காமாவை அடக்கும் புரதத்துக்குரிய ஜீனின் விசையைச் சிதைத்து அதே பயனை வேறு வழியில் அடையும் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி வழங்கியது. அமெரிக்காவில் அதற்கு விதித்த விலை 22 லட்சம் டாலர். நீலகிரிக் குடிசைக்கு எட்டும் விலையில் அது நம் நாட்டிலேயே உருவாக வேண்டும். நம் விஞ்ஞானிகளும் அரசும் இதைத் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும்.