மலையகத் தோட்டங்களிற் கூட்டுப் பேரம்

தொழில் கொள்வோனும் தொழில் செய்வோனும் தனித்தனியே நின்று கூலி பேசுமிடத்து இருவரும் ஒத்த நிலையினர் அல்லர். முன்னவன் வேலை தர மறுப்பின் பின்னவன் அன்றைய உணவிற்கே வழியற்றவனாவான். பின்னவன் வேலை செய்ய மறுப்பினோ முன்னவன் வேறோர் ஆளை அமர்த்திக்கொள்வான். இவ்வேற்றத்தாழ்வைக் குறைத்தற்பொருட்டுத் தொழிலாளர் ஒருங்குகூடித் தம் பிரதிநிதிகள் வாயிலாகச் சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் பேசி முடித்தலே கூட்டுப் பேரம் எனப்படும். இதனைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை 1891ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் பியாத்திரிசு வெப் அம்மையார். சர்வதேசத் தொழில் தாபனம் 1949ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 98ஆம் சமவாயம் இவ்வுரிமையை உலகறிய நிலைநாட்டியது. இலங்கை அச்சமவாயத்தை 1972ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது.

பேரம் என்றவுடன் இரு தரப்பினரும் மேசையின் இருபுறத்தும் அமர்ந்து வாதிடும் காட்சியே பலர் மனத்தில் எழும். எனினும் அம்மேசையிற் கிடைக்கும் பயன் பெரும்பாலும் அங்கு அமர்வதற்கு முன்னரே தீர்மானிக்கப்படுகின்றது. கூடிப் பேசும் சுதந்திரம், பிளவுபடாத குரல், கணக்கறிவு ஆகிய மூன்றும் எந்த அளவிற்குக் கைவரப்பெற்றனவோ அந்த அளவிற்கே பேரமும் பயன் தரும். நுவரெலியா, அற்றன், தலவாக்கொல்லை, மஸ்கெலியா முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நிகழ்ந்தவை இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தொடக்கத்திற் கங்காணியின் கீழேயே வாழ்ந்தனர். ஆள் சேர்த்தவனும், முற்பணம் கொடுத்தவனும், வேலை வாங்கியவனும், துரையிடம் பரிந்து பேசியவனும் அவனே. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல விரும்பியவர்க்குக் கடன்தொகை குறித்த ‘துண்டு’ ஒன்று வழங்கப்பட்டது. அக்கடனை ஏற்பார் இருந்தாலன்றி அவரால் இடம்பெயர இயலாது. இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் குடியிருந்த லயக்காம்பிரா தோட்டத்திற்கே உரியதாகையால், வேலை போயின் வீடும் போகும் என்ற அச்சம் தொடர்ந்து நிலவியது. தோட்டம் தனியார் நிலமாகையால் வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உட்புகுதல் அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிலாளரைச் சந்திக்கவே இயலாத ஒருவர் அவர்களைச் சங்கமாக்குவது எங்ஙனம்? மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதற்போர் இவ்வினாவைச் சுற்றியே நிகழ்ந்தது.

இப்போரை முன்னின்று நடத்தியவர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர். புடைவை வியாபாரிபோற் சென்று அவர் தோட்டங்களின் நிலையை நேரிற் கண்டறிந்தார் என்பர். கொழும்பிற் பத்திரிகையாளராக விளங்கி, குணசிங்காவின் தொழிற்சங்கத்திலும் பணியாற்றிய அவர், 1931ஆம் ஆண்டில் அற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரிடையே பாடல்கள் வாயிலாக விழிப்பூட்டினார். எழுத்தறிவு குறைந்திருந்த அக்காலத்திற் பாட்டு, துண்டுப் பிரசுரத்தினும் விரைவாகப் பரவியது.

சம்மேளனம் தோன்றிய காலமும் கருதத்தக்கது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்திற்கிணங்க, 1929ஆம் ஆண்டு முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றிற்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சட்டப்படியான சம்பளமாயின. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் இவ்வளவும் குறைக்கப்பட்டது. சட்டம் கொடுத்ததைச் சட்டமே மீளப்பெற்றபோது, அதனைத் தடுத்துப் பேசுதற்கேற்ற அமைப்பு தொழிலாளரிடம் அப்பொழுதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. அரசு தரும் சம்பள உயர்வு நன்றேயாயினும், அதனைக் காக்கும் ஆற்றல் தொழிலாளரிடமே இருத்தல் வேண்டும் என்னும் பாடம் இங்கு முதன்முறையாகப் புலப்பட்டது.

1939ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது; அதன் தொழிற்சங்கமும் அடுத்த ஆண்டில் உருவாயிற்று. சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களிற் சங்கம் அமைத்தனர். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டிலேயே தோட்டத்துரைமார் தரப்பிற்கும் சங்கங்களுக்குமிடையே ஏழு அம்ச ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. தோட்டத்திற் பேசித் தீராத பிணக்கு எவ்வழியே மேற்செல்ல வேண்டும் என்பதற்கு அது ஒரு முறைமை வகுத்தது. சங்கம் என்பதொன்று உண்டெனத் துரைமார் எழுத்தில் ஏற்றமையே அதன் பெரும்பயன் எனலாம். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைச் சட்டமும், 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டமும் இவ்வடித்தளத்தின்மேல் எழுந்தவை. முன்னையது இரு தரப்பினரும் அரசின் நியமனத்தினரும் அமர்ந்து சம்பளம் நிர்ணயிக்கும் சபைகளை உண்டாக்கியது. பின்னையது இரு தரப்பினரும் தாமே செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்திற்குச் சட்டவலு அளித்தது.

சங்கம் கால்கொண்ட வேளையில் வாக்குரிமை பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியர் காங்கிரசின் மக்கள், 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பெரும்பாலும் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். பாராளுமன்றத்திற் பேச ஆளில்லாத மக்களுக்குத் தொழிற்சங்கமே பாராளுமன்றமாயிற்று. பிறப்புப் பதிவு முதற் குடியுரிமை விண்ணப்பம் வரை அனைத்தும் சங்கக் காரியாலயத்தின் வாயிலிலேயே வந்து நின்றன. இதனாற் சங்கம் வலுப்பெற்றது. அதேவேளை சம்பளப் பேச்சும் அரசியலும் ஒன்றோடொன்று பிரிக்கவியலாதவாறு பின்னிப்பிணைந்தன. 1950ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர்பூண்ட அமைப்பிலிருந்து அப்துல் அஸீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிரிந்தது. 1965ஆம் ஆண்டில் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவினார். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், மூன்று நான்கு சங்கங்களுக்குச் சந்தா செலுத்துவோர் அருகருகே வாழும் நிலை தோன்றிற்று. சங்கம் தெரிவு செய்யும் உரிமை தொழிலாளர்க்கு இன்றியமையாததே. ஆயினும் சங்கங்கள் தம்முட் போட்டியிடுமிடத்துத் துரைத்தனத்தின் வேலை எளிதாகும் என்பதையும் மறுத்தற்கில்லை.

தேயிலைத் தொழிலாளரின் பேரவலு எங்குள்ளது என்பதைத் தேயிலைச் செடியே காட்டும். இளங்கொழுந்து ஏறத்தாழ வாரத்திற்கு ஒருமுறை பறிக்கப்படல் வேண்டும். அச்சுற்று தவறின் கொழுந்து முற்றித் தரம் குன்றும். தொழிற்சாலையில் வாட்டவும் அரைக்கவும் இலையிராது. ஆகவே எல்லா மலைகளிலும் ஒருங்கே நிகழும் சில நாள் வேலைநிறுத்தமே துரைத்தனத்தைப் பேச்சிற்கு அழைக்கப் போதுமானது. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் வேலைநிறுத்தத்தில் இவ்வலு தெளிவாக வெளிப்பட்டது. அப்பொழுது தோட்டங்கள், 1970களில் நிகழ்ந்த நாட்டுடைமையாக்கத்தின் பயனாக, ஜனவசம என வழங்கிய சபையினதும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் கையில் இருந்தன. காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானோ 1978ஆம் ஆண்டு முதல் அவ்வரசின் அமைச்சராகவும் விளங்கினார். அமைச்சர் ஒருவரின் சங்கமே அரச தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த விந்தையைச் சிலர் ஆற்றலென்றனர், சிலர் முரண்பாடென்றனர். எவ்வாறாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த நாட்சம்பளம் அவ்வாண்டிலேயே கிடைத்தது. 1929ஆம் ஆண்டில் 54 சதமும் 43 சதமுமாக எழுதப்பட்ட வேற்றுமை அரை நூற்றாண்டிற்கு மேல் நீடித்தது என்பதும், கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்களே என்பதும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் முதலாளிமார் சம்மேளனம் ஒருபுறமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகியன மறுபுறமுமாகக் கூட்டு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. இவற்றின் எண்களை நுணுகி நோக்கினாற் கணக்கறிவின் இன்றியமையாமை விளங்கும். 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நாளொன்றிற்கு 730 ரூபா எனப் பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வருகைப்படி 60, உற்பத்தித்திறன் படி 140, விலைப்பங்கு 30. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தொகை 750 ரூபாவாயிற்று: அடிப்படைச் சம்பளம் 700, விலைப்பங்கு 50; ஏனைய இரு படிகளும் நீங்கின. மொத்தத்தை மட்டும் நோக்குவோர்க்கு உயர்வு 20 ரூபாவே. அடிப்படைச் சம்பளத்தை நோக்குவோர்க்கோ அது 200 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதத்தை அடிப்படைச் சம்பளத்தின்மேற் கணக்கிடின், 60 ரூபா 84 ரூபாவாகின்றது. முழுப்படிகளையும் பெற்றுவந்த திறமையான தொழிலாளிக்கு அன்றைய கையிருப்பு அதிகம் கூடவில்லை. படிகளை எட்ட இயலாதவர்க்குக் கூடிற்று. இருவர்க்கும் முதுமைக் காலச் சேமிப்பு உயர்ந்தது. ஆயிரம் ரூபா கேட்டுத் தெருவில் நின்றவர்க்கு இவ்வேறுபாடுகளை எடுத்து விளக்குதல் சங்கத்தின் கடமையாகும். அது செவ்வனே செய்யப்படாவிடத்து, ஒப்பந்தம் தம் தலைக்கு மேலே பேசி முடிக்கப்பட்டதென்றே தொழிலாளர் கருதுவர்.

அந்த ஆயிரம் ரூபா 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சம்பளச் சபையின் வழியே கிடைத்தது: 900 ரூபா சம்பளமும் 100 ரூபாப் படியும். கம்பனிகள் இதனை நீதிமன்றில் எதிர்த்தன. கூட்டு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது ஒழிந்தது. இதன் விளைவைப் ‘பேர்’ என்னும் தோட்டச் சொல் நன்கு உணர்த்தும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவர்க்கு அன்று முழுப்பேர் இடப்படும், குறைந்தவர்க்கு அரைப்பேர். வர்த்தமானி நாட்சம்பளத்தைக் கூறிற்று. எத்தனை கிலோ பறித்தால் அது நாளாகும் என்பதைக் கூறவில்லை. ஆண்டிற்கு 300 நாள் வேலை வழங்கல் முதலியன ஒப்பந்தத்தின்பாற்பட்டவை. ஒப்பந்தம் நீங்கியபின் பல தோட்டங்களிற் பறிக்க வேண்டிய அளவு 18, 20 கிலோ என உயர்த்தப்பட்டதாகவும், வேலைநாட்கள் குறைக்கப்பட்டதாகவும் சங்கங்கள் முறையிட்டன. அரைப்பேர் பெற்றவர்க்கு ஆயிரம் ரூபாச் சம்பளம் ஐந்நூறேயாகும். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவானதும் சம்பளச் சபையின் வழியேயாகும். சட்டம் தரும் சம்பளம் எல்லாத் தோட்டங்களையும் கட்டுப்படுத்துவது அதன் சிறப்பு. வேலையின் அளவு, நாள், முறை ஆகியவற்றை இரு தரப்பினரும் பேசி வரையறுக்கும் மேசைக்கோ அது ஈடாகாது.

மேசையில் அமரும் தகுதியைச் சட்டம் எண்ணிக்கையால் அளக்கின்றது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தான் பிரதிநிதித்துவம் செய்யும் தொழிலாளருள் 40 வீதத்திற்குக் குறையாதோரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுத்தலாகாது. தோட்டங்களிற் சந்தாப்பணம் செக்ரோல் வழியே சம்பளத்திற் கழிக்கப்படுவதால் உறுப்பினர் தொகையைத் துரைத்தனமும் எளிதில் அறியும். பிளவுண்ட சங்கங்கள் தனித்தனியே இவ்வரம்பை எட்டாது நின்றால், சங்கத்திற் சேர்ந்தோர் பலராயிருந்தும் பேசுவோர் இலராவர்.

இவை உடலுழைப்போர்க்கு மட்டும் உரியன அல்ல. 2012ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம், கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 வீதத்தை ஒதுக்குமாறு கோரி ஏறக்குறைய மூன்று மாதம் பணி நிறுத்தியது. உயர்கல்வி ஆசிரியர்க்குக் கூட்டுப் பேர உரிமை உண்டென்பதை யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பரிந்துரையும் கூறுகின்றது. கலாநிதிப் பட்டம் பெற்றவரும் தனித்து நின்று சம்பளம் பேசுமிடத்துக் கொழுந்து பறிப்பவரைப் போன்றே வலுவற்றவராவர். எனினும் விரிவுரையாளர்க்கு வரவு செலவுத் திட்டத்தை வாசித்து வாதிடும் கல்வி கைவசமுண்டு. லயத்திலிருந்து வரும் பெண்ணுக்குக் கம்பனியின் ஆண்டறிக்கை எட்டாப்பொருளாகவே உள்ளது.

ஆதலின் மலையகத்திற் கூட்டுப் பேரம் மீள உயிர்பெற வேண்டுமாயின், அதற்கான ஆயத்தம் கொழும்பு மாநாட்டு மண்டபத்திலன்றித் தோட்டத்திலேயே தொடங்குதல் வேண்டும். தோட்டக் கமிட்டிகள் ஒழுங்காகக் கூடி, கோரிக்கைகளை அங்கேயே வகுத்தல் வேண்டும். போட்டிச் சங்கங்கள் பேச்சுக்காலத்திலேனும் ஒரே கோரிக்கைப் பத்திரத்தின்கீழ் நிற்றல் வேண்டும். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள், மாதர் தலைவி என்னும் பெயரளவோடு நில்லாது பேச்சு மேசையிலும் அமர்தல் வேண்டும். தேயிலையின் ஏலவிலை, ஒரு கிலோவிற்காகும் செலவு, பேரிற்குரிய நிறை ஆகியவற்றைக் கற்றுத் தமிழில் எடுத்துரைக்கும் பணி மலையகத்தின் படித்த இளைஞர்க்கு உரியது. தோட்டப் பாடசாலைகளிலிருந்து பட்டதாரிகள் ஆண்டுதோறும் தோன்றும் இக்காலத்தில், அத்தகையோர் இல்லையென்று எந்தச் சங்கமும் கூறுதற்கில்லை.