க்ரீம் வாங்கும் முன் கண்ணாடியைப் பாருங்கள்!

முகூர்த்த நாட்களில் வடபழனி முருகன் கோயில் பக்கம் போனால், ஒரே காலையில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் நடப்பதைப் பார்க்கலாம். மாலையும் கழுத்துமாக நிற்கும் மணப்பெண்களில் பலர், அந்த ஒரு நாளுக்காக வாரக்கணக்கில் முகத்தைத் தயார் செய்திருப்பார்கள். ஃபேஷியல், ப்ளீச், தோழி சொன்ன சீரம், அக்கா வாங்கித் தந்த நைட் க்ரீம் என்று பட்டியல் நீளும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது முகம் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டால் வீடே கலங்கிப்போகும்.

இதைத் தவிர்க்க வழி எளிது. எதையும் வாங்குவதற்கு முன், நம் சருமம் எப்படிப்பட்டது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரச் சோதனை

காலையில் மிதமான ஃபேஸ் வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். பவுடர், க்ரீம் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஆகிய இடங்களில் தனித்தனி டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள்.

* எல்லா பேப்பரிலும் எண்ணெய் தெரிந்தால், எண்ணெய்ச் சருமம்.
* நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் இருந்தால், காம்பினேஷன் சருமம்.
* எண்ணெயே இல்லாமல் தோல் இழுத்துப் பிடித்தால், செதில் தெரிந்தால், வறண்ட சருமம்.
* எண்ணெயும் அதிகமில்லை, இறுக்கமும் இல்லை என்றால், நார்மல் சருமம்.
* இவற்றோடு எரிச்சல், அரிப்பு, சிவப்பு அடிக்கடி வந்தால், சென்சிட்டிவ் சருமம்.

சென்னைவாசிகளுக்கு ஒரு குழப்பம் வரும். வெயிலில் போய்விட்டு வந்ததும் முகம் பிசுபிசுப்பது பெரும்பாலும் வியர்வைதான். அதை எண்ணெய் என்று நினைத்து நாளுக்கு ஐந்து முறை ஃபேஸ் வாஷ் போட்டால், தோலின் பாதுகாப்புப் படலம் போய் எரிச்சல்தான் மிஞ்சும். நாள் முழுக்க ஏ.சி.யில் வேலை செய்பவர்களுக்கு எண்ணெய்ச் சருமமும் ஈரம் குறைந்து இறுக்கமாகத் தோன்றலாம். அதனால் அக்னி நட்சத்திரத்தில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை என்று சோதித்துப் பார்ப்பது நல்லது.

முகம் சொல்லும் சேதி

பார்க்கும்போது புள்ளி, திட்டு, நிற மாற்றம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் க்ரீம் பதில் ஆகாது.

கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்த கருமை இருந்தால், எலுமிச்சையால் தேய்த்துப் பயனில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம். சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாடையில் விடாத பருக்கள், முகத்தில் முடி, தள்ளிப்போகும் மாதவிடாய் மூன்றும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெளுத்தால், ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ரசாயனம் காரணமாக இருக்கக்கூடும். உணர்ச்சியில்லாத வெளிர் திட்டு, வடிவமோ நிறமோ மாறும் மச்சம் இரண்டுக்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

‘இதைப் போட்டேன், பத்தே நாளில் பளிச்சுன்னு ஆயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. முதலில் நிறம் கூடி, பரு அடங்கியது போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், முடி முளைக்கும், பரு பெருகும். நிறுத்தினால் முகம் எரியும் என்பதால் பலர் நிறுத்தப் பயந்து தொடர்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு, தோலில் தடவும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள், எப்படி நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவதே பாதுகாப்பு.

லேபிளே சரியாக இல்லாத சிவப்பழகு க்ரீம்களில் வேறொரு ஆபத்து இருக்கிறது. கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். அத்தகைய க்ரீம்களில் சேர்க்கப்படும் பாதரசமே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. தயாரிப்பாளர் பெயர், முகவரி, சேர்மானங்கள் அச்சிடாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

கிளினிக்கில் என்ன கேட்பது?

பீல், லேசர் என்று போகிறவர்கள் தோலின் நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் உருவாக்கிய அளவுகோல், தோலை வெயிலுக்கு எப்படி மாறுகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறது. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இருந்த அதில், மாநிறமும் கறுப்பும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. நம் தோலில் ஒரு பரு ஆறினாலே கறுப்புத் தழும்பு நிற்கும். அதேபோல, கடுமையான பீலும் அளவு தவறிய லேசரும் புதிதாகக் கருமையை உண்டாக்கலாம். ‘என் தோலின் நிறத்துக்கு இது சரியா? முதலில் சிறிய இடத்தில் செய்து பார்ப்பீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவரின் பெயருக்குப் பின்னால் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். போன்ற தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செலவுக்கு யோசிப்பவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு.

புதிய பொருள் எதுவானாலும், முன்கையின் உள்பக்கத்தில் சிறிய இடத்தில் தினமும் இரண்டு வேளை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். அரிப்பும் சிவப்பும் இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் போதும். அப்போதுதான் ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரியும்.

முகூர்த்தம் குறித்துவிட்டால், இந்தச் சோதனைகளை மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடலாம். கடைசி இரண்டு வாரம் முகத்தில் புதிதாக எதையும் முயலாமல், பழகிய ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன் ஸ்கிரீனோடு விட்டுவிடுங்கள். மேக்கப் பொருட்களையும் மறக்காமல் முன்கூட்டியே கையில் போட்டுப் பாருங்கள்.