சாயத் தொட்டி கற்பிக்கும் ரஸாயனம்

காஞ்சீபுரத்தில் பிள்ளையார்பாளையத்து வீதிகளில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தவர்கள் சாயத் தொட்டியையும் கண்டிருப்பார்கள். பசை நீக்கிய வெண்பட்டு நூல் வெந்நீரில் இறங்குகிறது. சிறிது அமிலம் சேர்க்கப்படுகிறது. நீரிலிருந்த வர்ணத்தின் பெரும்பகுதி நூலில் ஏறிவிடுகிறது. தினமும் காண்பதால் இது நமக்கு ஆச்சரியமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் இதில் அடங்கிய தத்துவத்துக்கும், நமது ஜனங்கள் அருந்தும் நீருக்கும் சம்பந்தம் உண்டு.

பட்டு ஒரு புரதம். அமிலத்தில் தோய்ந்ததும் அதன் சில முனைகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. இக்காலத்து அமிலச் சாயங்களோ நீரில் கரைந்து எதிர்மின் அயனிகளாகின்றன. இவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அத்துடன், பட்டில் நைட்ரஜனை ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன், சாயத்திலுள்ள ஆக்ஸிஜனை நோக்கிக் கை நீட்டுகிறது. இதற்கே ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஒரு கையின் பிடி பலவீனமானதே. பல கைகள் கூடினால் பலம் உண்டாகிறது. ஆனால் பட்டு வித்தியாசம் பாராட்டுவதில்லை. அமிலச் சாயம் எதுவாயினும் ஏற்கும். வேண்டிய ஓர் அயனியை மட்டும் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறு ஒன்றை மனிதன் செய்ய இயலுமா?

இயலும் என்று 1968-ல் பார்க், சிம்மன்ஸ் என்ற அமெரிக்க ரஸாயனிகள் காட்டினார்கள். அவர்கள் செய்த கூண்டு போன்ற மூலக்கூறு, குளோரைடு அயனியைத் தன் உள்ளே வைத்துக்கொண்டது. இயற்கை இவ்வித்தையை முன்பே அறியும். ஒரு பாக்டீரியாவின் புரதம் சல்பேட்டை ஏழு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிக்கிறது என்றும், அங்கே நேர்மின்னேற்றம் நேரடியாகத் துணை நிற்கவில்லை என்றும் 1985-ல் வெளியாயிற்று. கைகள் சரியான இடத்தில் அமைந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. குளோரைடு உருண்டை; நைட்ரேட் தட்டையான முக்கோணம்; சல்பேட் நான்முகி. எனவே உருவத்துக்கு ஏற்ற கூண்டு வேண்டும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பேயர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1886-ல் பிரோலையும் அசிட்டோனையும் சேர்த்து ஒரு பொருள் செய்தார். 110 வருஷம் கழித்து, 1996-ல், அமெரிக்காவில் செஸ்ஸ்லர் குழுவினர் அதன் நான்கு நைட்ரஜன்-ஹைட்ரஜன் கைகளும் ஒரு பக்கமாய்த் திரும்பி ஃப்ளூரைடு அயனியை அணைப்பதைக் கண்டார்கள். பொருள் கையிலிருந்தும் அதன் பயன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெரியாமலிருந்தது!

ஃப்ளூரைடு என்பது நமக்கு அந்நியமான பெயரன்று. எலும்பை வளைத்து, பல்லைக் கறைப்படுத்தும் ஃப்ளூரைடு வியாதி அன்றைய சென்னை மாகாணத்தில் பரவியிருந்ததை 1937-ல் ஷார்ட் முதலிய டாக்டர்கள் எழுதி வெளியிட்டார்கள். இன்றும் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் இது மிகுந்த இடங்கள் உண்டு. அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் துவக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது என்பது விதி.

அப்படியானால் இந்தக் கூண்டு மூலக்கூறுகளை உடனே கிணற்றில் இட்டுவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் கஷ்டம். நீரும் ஹைட்ரஜன் பிணைப்பால் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. சிறிய ஃப்ளூரைடை அது விடுவது மிகவும் அரிது. ஆகவே இத்தகைய மூலக்கூறுகளில் அநேகம் நீரல்லாத திரவங்களில்தான் திறமையாக வேலை செய்கின்றன. இன்று ஃப்ளூரைடை நீக்குவது படிகாரம், சுண்ணாம்பு, அலுமினா முதலியவையே. இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஜனங்களை ஏமாற்றுவது தேச சேவையாகாது.

ஆனால் கஷ்டம் இருக்கும் இடமே ஆராய்ச்சிக்கு உரிய இடம். 1876-ல் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் போன்ற ஸ்தாபனங்களில் இந்தியர்கள் இத்துறையில் உழைத்து வருகிறார்கள். வியாதி நம்முடைய ஜில்லாக்களில் இருக்கையில், அதற்குப் பரிகாரம் தேடும் பொறுப்பு நமது கலாசாலைகளுக்கும் இல்லையா? சாயத் தொட்டியின் அருகே வளர்ந்த மாணவனுக்கு இதன் முதற் பாடம் ஏற்கெனவே தெரியும். இரண்டாவது பாடத்தை அவனுக்குத் தமிழில் கற்பிக்க வேண்டியது நமது கடமை.