பதின்மூன்று பேர் பந்தி

ஜோர்தானின் பழைய நகரமான பெத்ராவுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி சீக் அல் பாரித் என்று ஒரு பாறை இடுக்கு இருக்கிறது. வெயில் அதிகம் இறங்காத இடம் என்பதால் ‘குளிர்ந்த இடுக்கு’ என்று பெயர். வழிகாட்டிகள் அதைச் சின்ன பெத்ரா என்பார்கள். இருபுறமும் பாறையைக் குடைந்த கூடங்கள். உள்ளே சுவரை ஒட்டிக் கல் திண்ணைகள். நடுவில், பரிமாறுகிறவர் நடந்துபோக விட்ட இடம். ஒரு கூடத்தின் கூரையில் திராட்சைக்கொடியும் பறவைகளுமாகத் தீட்டிய ஓவியம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், பெத்ராவை உருவாக்கிய நபாத்தியர்கள் விருந்து வைத்த கூடங்கள் இவை. பதின்மூன்று பேராகச் சேர்ந்து உண்பார்கள், பந்திக்குப் பாட்டுக்காரிகள் இருவர் உண்டு, அரசனே சில வேளை எழுந்து மற்றவர்களுக்குப் பரிமாறுவான் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார்.

அதே இடுக்கில் இன்று நிறுவனங்களின் இரவு விருந்து நடக்கிறது. விற்பனை இலக்கை எட்டிய டீலர்களையும் ஊழியர்களையும் பரிசாக அழைத்துவரும் இன்சென்டிவ் டூர்களில் ஜோர்தானுக்கு ஓர் இடம் உண்டு. அந்தப் பயணத்தின் உச்சம் பெரும்பாலும் இப்படி ஒரு விருந்துதான். பாறை ஓரமெல்லாம் மெழுகுவர்த்தி, மேசைக்குப் பத்துப் பேர், ஒரு மூலையில் ஊத் என்ற நரம்பிசைக் கருவி வாசிப்பவர். அழகான காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று பரிமாறியவன் அந்த இடத்துக்கு உரியவன். இன்று பரிமாறுகிறவர்கள் மாலையில் வேனில் வந்து இறங்கி, நள்ளிரவில் மேசைகளை மடித்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

இங்கே வருவதே ஒரு காலத்தில் பெரும்பாடு. 1812 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துக்காரர் பர்க்ஹார்ட், ஷேக் இப்ராஹிம் என்ற பெயரில், ஹாரூன் நபியின் சமாதியில் ஆடு பலியிடப் போவதாகச் சொல்லித்தான் பெத்ராவுக்குள் நுழைந்தார். நின்று நிதானமாகக் குறிப்பெடுக்கக்கூட அவருக்குத் துணிவில்லை. உளவாளி என்று நினைத்துவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. 1839 பிப்ரவரியில் கெய்ரோவிலிருந்து ஒட்டகங்களோடு கிளம்பிய ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ், சினாய் வழியாகச் சுற்றி, மார்ச் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தார்.

அந்த நூற்றாண்டில் பயண ஏற்பாடு முழுவதும் ஒரே ஆள் தலையில் இருந்தது. அவரைத் தர்ஜுமான் என்பார்கள். சொல்லின் பொருள் மொழிபெயர்ப்பாளர்; வேலையோ மேலாளர், கணக்குப்பிள்ளை, சமையல் மேற்பார்வை எல்லாம் சேர்ந்தது. எத்தனை கோவேறு கழுதை, எத்தனை கூடாரம், நாளுக்கு எத்தனை வேளை உணவு என்று பயணியும் அவரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். தூதரகத்தில் வைத்துக் கையெழுத்தாவதும் உண்டு. ஆனால் பாலைவனம் அந்தக் காகிதத்துக்கு அப்பால் இருந்தது. ஒரு குலத்தின் எல்லை முடிந்து அடுத்த குலத்தின் எல்லை தொடங்கும்போது புதிதாகப் பேச வேண்டும், காவலுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஷேக் சம்மதிக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். அது இரண்டு நாளாகலாம், பத்து நாளும் ஆகலாம்.

இன்று தர்ஜுமானின் இடத்தில் ஒரு எக்செல் தாள் இருக்கிறது. பயணத்துக்குச் சில மாதம் முன்பே ஏஜென்சிக்காரர்கள் ‘ரெக்கி’ பார்க்க வந்துவிடுகிறார்கள். அரங்கில் எத்தனை நாற்காலி கொள்ளும், ஓட்டல் வாசலில் ஒரே நேரத்தில் எத்தனை பேருந்து நிற்கும், மேடையில் பரிசு கொடுக்கும்போது பின்னால் என்ன தெரியும் என்று குறித்துக்கொள்கிறார்கள். இந்தியக் குழுவென்றால் சைவச் சாப்பாடு முதல் கேள்வி. சமையல்காரரையே கூட்டிவருகிறவர்களும் உண்டு. அம்மானிலிருந்து பெத்ராவின் வாசலான வாதி மூசா ஊருக்குப் பாலைவன நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். அங்கிருந்து வாதி ரம் பாலைவனம் இரண்டு மணி நேரத்துக்குள். ராபர்ட்ஸ் பெத்ராவை எட்டவே பல வாரம் அலைந்தார்; இன்று ஒரு குழு முழுப் பயணத்தையும் மூன்று இரவுகளுக்குள் முடித்துவிடுகிறது.

இந்த மாற்றத்துக்குச் சாலை மட்டும் காரணமில்லை. 1994 அக்டோபரில் இஸ்ரேலோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அம்மானில் பெரிய பொருளாதார மாநாடு கூடியது. அதே 1995-இல் தினாரின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது. ஒரு தினார் ஏறத்தாழ 1.41 டாலர், இன்றுவரை அதேதான். ஓராண்டுக்கு முன்பே விலை சொல்லி ஒப்பந்தம் போடும் தொழிலுக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம். 2003-இல் உலகப் பொருளாதார மன்றம் சாக்கடல் கரைக்கு வந்தது. 2017-இல் அரபு லீக் உச்சி மாநாடும் அங்கேதான்.

1938-இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ நாவலில், பெத்ராவுக்கு வரும் பயணிகள் கூடாரத்திலும் குகையிலும் தங்குகிறார்கள். அந்தக் குகைகளில் பெதூல் குலத்தார் பின்னும் அரை நூற்றாண்டு குடியிருந்தார்கள். பெத்ரா உலகப் பாரம்பரியக் களமான 1985-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் உம் சைஹூன் என்ற புது ஊருக்குக் குடியேற்றப்பட்டார்கள். பள்ளிக்கூடம், மின்சாரம், குழாய்த் தண்ணீர் எல்லாம் கிடைத்தன. குகையில் பிள்ளை பெற்ற பெண்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் அதுவரை வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் அதற்குப் பிறகு வேலைக்கு வருகிறவர்களானார்கள். 2019-இல் பெத்ராவுக்கு வந்தவர்கள் முதல் முறையாக 10 லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவரை இரவு தங்கச் சொல்லி அழைக்க அந்தக் குகைகளில் இன்று அநேகமாகக் குடும்பங்கள் இல்லை.

தண்ணீர் மட்டும் எந்த நிகழ்ச்சி நிரலுக்கும் கட்டுப்படவில்லை. பெத்ராவுக்குள் போகும் வழியான, சீக் எனப்படும் 1.2 கிலோமீட்டர் இடுக்குக்குள் வெள்ளம் புகாதபடி நபாத்தியர்கள் வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து நீரைத் திருப்பியிருந்தார்கள். காலப்போக்கில் அணை அழிந்தது. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளத்தில் பிரெஞ்சுப் பயணிகள் 20-க்கும் மேற்பட்டோர் அந்த இடுக்குக்குள் இறந்தார்கள். அதன் பிறகே பழைய இடத்தில் மீண்டும் அணை எழுந்தது. 2018 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது ஏறத்தாழ 4,000 பயணிகளைப் பெத்ராவிலிருந்து வெளியேற்ற முடிந்தது. புதிய முறைகள் கொடுத்தவற்றில் நான் தயங்காமல் முதலில் வைப்பது இதைத்தான்.

வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். சாக்கடலின் கதை வேறு. 1960-களில் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே 400 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருந்தது. இப்போது 430 மீட்டரையும் தாண்டிக் கீழே போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஜோர்தான் ஆற்றையும் அதன் துணையாறான யர்மூக்கையும் இஸ்ரேல், ஜோர்தான், சிரியா மூன்றும் மேலேயே திருப்பிக்கொண்டன. தெற்கே பொட்டாஷ் எடுக்கும் பாத்திகளில் கடல்நீரும் ஆவியாகிறது. கரையோர ஓட்டல்கள் தண்ணீர் வரை புதுப் புதுப் படிகளாகக் கட்டி இறக்கிக்கொண்டே இருக்கின்றன. காலையில் பவர்பாயிண்டில் அடுத்த ஆண்டின் ஏறுமுகக் கோட்டைப் பார்த்துக் கைதட்டியவர்கள், மாலையில் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு இந்தப் படிகளில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு படியும் சில ஆண்டுகளுக்கு முன் கரை இருந்த இடம். மேலே குளித்து முடிக்க நன்னீர் ஷவர் இருக்கிறது. ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு 100 கன மீட்டர் நீர்கூடக் கிடைக்காத நாடு இது. அம்மான் வீடுகளில் வாரத்துக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை மாடித் தொட்டியில் பிடித்துவைத்துத்தான் சமைக்கிறார்கள்.

வாதி ரமில் இரவு. ஆட்டு ரோமத்தில் நெய்த கறுப்புக் கூடாரங்கள் இருந்த மணலில் இப்போது கண்ணாடி முகப்பு வைத்த வெள்ளைக் குமிழிக் கூடாரங்கள், உள்ளே ஏசி. மணலுக்கடியில் புதைத்துச் சமைக்கும் ஸர்ப் இன்றும் அதே முறைதான். குழியைத் திறக்கும்போது எல்லோரும் கைப்பேசியை உயர்த்துகிறார்கள். காபி கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு மிஹ்பாஷ் என்ற மர உரலில் வறுத்த கொட்டையைத் தாளத்தோடு இடிப்பார்கள். அந்தச் சத்தம் காற்றில் போகும் தூரம் வரை அழைப்பு. கேட்டவர்கள் வந்து உட்காரலாம். யாருக்கும் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. இப்போது வருகிறவர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன, கழுத்தில் அட்டையும் தொங்குகிறது.

2023 அக்டோபரில் காஸாவில் போர் தொடங்கியதும் அந்தப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. வாதி மூசாவில் பல ஓட்டல்கள் கதவை மூடின. எல்லைக்கு அப்பால் நடந்ததற்கு இந்த ஊர்க்காரர்கள் வேலையை இழந்தார்கள்.

அதற்குப் பிறகும் வருகிற குழுக்களுக்கு மாலையில் ஏலக்காய் மணக்கும் காபி தருகிறார்கள். கைப்பிடியில்லாத சிறு கோப்பையில் அடியை மூடும் அளவுதான் ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை இலேசாக இருபுறமும் அசைத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை ஊற்றுவது விருந்தளிப்பவரின் கடமை. வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. குடித்துவிட்டு, நன்றி சொல்லி, கோப்பையை நீட்டுகிறார்கள். காபிக் கூஜாவோடு நிற்கும் இளைஞர், கூலிக்கு வந்தவர்தான், குனிந்து மறுபடியும் ஊற்றுகிறார்.