கேப்ஸ் லாக் விளக்கு சொல்லும் சேதி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்ட நாள் 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11-க்கான மாதாந்திர அப்டேட்டும் அன்றைக்கே வெளியானது. அதை நிறுவிய கணினிகளில், விண்டோஸ் ஓடும்போது கீபோர்டும் மவுஸும் வழக்கம்போல வேலை செய்தன. ஆனால், விண்டோஸ் கிளம்பாமல் போனால் பழுது பார்ப்பதற்கென்றே ‘ரெக்கவரி’ திரை ஒன்று இருக்கிறதே, அங்கே போனதும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அசைய மறுத்தன. என்ன செய்யலாம் என்று திரை கேட்கும். பதில் சொல்ல வழி இருக்காது.

அவசரத் திருத்தம் அக்டோபர் 20-ல் வந்தது. விண்டோஸ் ஓடினால்தானே அதை இறக்கிக்கொள்ள முடியும்? ஏற்கெனவே ரெக்கவரி திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேறு வழிகளைச் சொன்னது: தொடுதிரை இருந்தால் விரலால் தொடுங்கள், முன்பே தயாரித்த ரெக்கவரி பென்டிரைவ் இருந்தால் அதிலிருந்து கிளப்புங்கள், இல்லையென்றால் பிஎஸ்/2 கீபோர்டைச் செருகிப் பாருங்கள். பிஎஸ்/2 என்பது 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த வட்டமான செருகி. பழைய கணினிக் கடைகளில் ஊதாவும் பச்சையுமாகப் பார்த்திருப்பீர்கள்.

புதியது படுத்த இடத்தில் பழையது எப்படி ஓடுகிறது? பிஎஸ்/2 கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் மின்சமிக்ஞை நேராகப் போய் ப்ராசஸரின் கவனத்தைத் திருப்பும். அதற்கென்று தனி வழியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடையில் ஆட்கள் குறைவு. யுஎஸ்பி கீபோர்டு தானாக எதையும் சொல்லாது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் மட்டும் ‘உள்ளேன் ஐயா’ சொல்கிற பையனைப் போல, கணினி கேட்கும்போதுதான் அது வாய் திறக்கும். சாதாரண யுஎஸ்பி மவுஸிடம் நொடிக்கு 125 முறை இப்படிக் கேட்கப்படுகிறது. அப்படிக் கேட்க ஒரு கண்ட்ரோலர் சிப் வேண்டும், அந்தச் சிப்பை இயக்கத் தெரிந்த டிரைவர் மென்பொருள் வேண்டும். டிரைவர் இல்லாவிட்டால் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாவிட்டால் புத்தம்புதுக் கீபோர்டும் ஊமைதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கணினியைப் போட்டவுடன் கீபோர்டைக் கவனித்துக்கொள்வது மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ். சில நொடிகள் கழித்து இயங்குதளம் எழுந்து, யுஎஸ்பி கண்ட்ரோலரைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்கிறது. மேம்படுத்தலுக்குப் பின் வரும் கோளாறுகளில் கணிசமானவை இந்தக் கைமாற்றத்துக்குப் பிறகுதான் தலைகாட்டுகின்றன. 2015-ல் இன்டெலின் ஸ்கைலேக் கணினிகளில் விண்டோஸ் 7 போட முயன்றவர்கள் இதை நன்றாக அனுபவித்தார்கள். பயாஸில் கீபோர்டு ஜோராக வேலை செய்யும். இன்ஸ்டாலர் திரை வந்ததும் அடங்கிவிடும். ஸ்கைலேக்கில் பழைய யுஎஸ்பி 2 கண்ட்ரோலரை இன்டெல் எடுத்துவிட்டிருந்தது. 2009-ல் வெளியான விண்டோஸ் 7-க்கோ யுஎஸ்பி 3 கண்ட்ரோலரிடம் பேசத் தெரியாது. இன்ஸ்டால் செய்யும் கோப்புகளுக்குள்ளேயே டிரைவரைச் சேர்த்து வைக்க மதர்போர்டு நிறுவனங்கள் தனி மென்பொருள் தர வேண்டியதாயிற்று.

ஆகவே, கீபோர்டு செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அந்த விளக்கைக் கீபோர்டே ஏற்றிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் அப்படியில்லை. தட்டிய செய்தி கணினிக்குப் போய், ‘விளக்கை ஏற்று’ என்ற உத்தரவு அங்கிருந்து திரும்பி வந்த பிறகே அது எரியும். விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் கம்பி, செருகி, டிரைவர் மூன்றும் சரி. கோளாறு அதற்கும் மேலே, ஏதோ மென்பொருளில் இருக்கிறது. மாறவில்லையென்றால், கணினியை மறுபடி கிளப்பி பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே விசைகள் வேலை செய்தால் கீபோர்டின் மேல் குற்றமில்லை, டிரைவர்தான் காரணம். அங்கேயும் அசையவில்லை என்றால் வேறு யுஎஸ்பி துளை, பிறகு வேறு கீபோர்டு. மவுஸின் அடியில் எரியும் சிவப்பு விளக்கு மட்டும் ஏமாற்றக்கூடியது. மின்சாரம் வருகிறது என்பதற்குத்தான் அது சாட்சி, பேச்சு நடக்கிறது என்பதற்கு அல்ல.

டிரைவர்தான் காரணம் என்று தெரிந்தால் டிவைஸ் மேனேஜரில் அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம், அல்லது நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். விண்டோஸ் மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். விண்டோஸ் 11-க்கு மாறியதே வம்பாகிவிட்டதென்றால், சாதாரணமாகப் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்ப முடியும்.

லேப்டாப்பில் கதை வேறு. இப்போதைய டச்பேடுகள் பலவும் யுஎஸ்பியில் இல்லை, ஐ2சி என்ற உள்வழியில் இணைந்திருக்கின்றன. அந்த வழிக்கான சிப்செட் டிரைவர் விடுபட்டால், டச்பேடு என்று ஒன்று இருப்பதையே விண்டோஸ் அறியாது. டச்பேடு டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து முதலில் இறக்க வேண்டியது சிப்செட் டிரைவர். புளூடூத் மவுஸ், கீபோர்டுகளுக்குக் கணினியோடு ஏற்பட்ட இணைப்பின் ரகசியக் குறியீடு இயங்குதளத்துக்குள் இருக்கிறது. வட்டை அழித்துப் புதிதாக நிறுவினால் அதுவும் போய்விடும். மறுபடி இணைக்க வேண்டும். அதைச் செய்வதற்காகவாவது கம்பி வைத்த மலிவான மவுஸ் ஒன்று வீட்டில் கிடக்கட்டும்.

கோளாறே இல்லாத கோளாறுகளும் உண்டு. தட்டினால் எழுத்து வரவில்லை, அழுத்திப் பிடித்தால் மட்டும் வருகிறதா? வலது ஷிஃப்டை எட்டு நொடி அழுத்தியபடி வைத்திருந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதி விழித்துக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தவறுதலாகப் படும் தட்டல்களை ஒதுக்கும் ஏற்பாடு அது. தெரியாமல் விழித்துக்கொண்டால் கீபோர்டு கெட்டுவிட்டதாகவே தோன்றும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. மேம்படுத்தலுக்குப் பிறகு உள்ளீட்டுப் பட்டியல் மாறியிருக்கலாம்; தமிழ்99 பழகிய விரலுக்கு வேறு விசைப்பலகை வந்து உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்ததற்கு மாறும். சரியான பாஸ்வேர்டையே தவறு என்று கணினி அடம்பிடித்தால், லாகின் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த முறை தட்டுங்கள்.